அனிமேவுக்கு ஊர் எது?

அமெரிக்காவுக்கு வெளியே தயாரிக்கப்படும் திரைப்படங்களுக்கு நூறு சதவீத வரி விதிக்கப்போவதாக அந்நாட்டு அதிபர் டிரம்ப் 2025 மே மாதம் அறிவித்தார். செப்டம்பரில் அதை மீண்டும் வலியுறுத்தினார். கப்பலில் வந்திறங்காத பொருளுக்கு எந்தத் துறைமுகத்தில் வரி வாங்குவது என்று பலரும் கேட்டனர். எனக்கோ அதைவிட அடிப்படையான ஒன்று உறுத்தியது. ஒரு படம் பிறந்த நாடு எது என்பதை எப்படி நிர்ணயிப்பது?

பன்னாட்டு வணிகம் கற்பித்த காலத்தில், ஒரு சட்டையின் பிறப்பிடத்தை விளக்கவே எனக்கு இரண்டு வகுப்புகள் பிடிக்கும். பருத்தி ஓரிடம், நூல் ஓரிடம், தையல் வேறோரிடம். இதே சிக்கலை வேறு பெயரில் இளைஞர்கள் இருபது ஆண்டுகளாக விவாதித்து வருகின்றனர் என்பதை என் பேரன் வழியாகத்தான் அறிந்தேன். 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' அனிமேவா, இல்லையா என்பதே அந்த விவாதம்.

2005 முதல் 2008 வரை 61 பகுதிகளாக ஒளிபரப்பான தொடர் அது. உருவாக்கியவர்கள் மைக்கேல் டான்டே டிமார்டினோ, பிரையன் கொனியெட்ஸ்கோ என்னும் இரு அமெரிக்கர்கள். பணம் போட்டது நிக்கலோடியன் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி. கதையுலகம் ஆசிய மண்ணின் சாயல் கொண்டது. காட்சியமைப்பில் ஜப்பானியப் படங்களின் தாக்கம் வெளிப்படை. படங்களை வரைந்து அசைவூட்டியதோ தென்கொரிய நிறுவனங்கள்.

பாணிதான் அளவுகோல் என்போர் அதை அனிமே என்கின்றனர். இந்த வாதம் நெடுந்தூரம் செல்லாது. ஜப்பானில் 'அனிமே' என்பது அனிமேஷன் என்ற சொல்லின் சுருக்கம் மட்டுமே. டிஸ்னி படமும் அங்கே அனிமேதான். அனிமேவின் அடையாளமாகக் கருதப்படும் பெரிய கண்களைக்கூட ஒசாமு தெசுகா, டிஸ்னி, ஃபிளைஷர் படங்களின் தாக்கத்தில்தான் வரையத் தொடங்கினார். 1963இல் அவருடைய 'ஆஸ்ட்ரோ பாய்' தொலைக்காட்சிக்கு வந்தபோது, வாராவாரம் ஒரு பகுதியைச் சொற்பப் பணத்தில் முடிக்க வேண்டியிருந்ததால் படங்களின் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. அசையாத முகம், நகரும் பின்னணி என்று இன்று அழகியலாகப் போற்றப்படுவதில் ஒரு பகுதி பட்ஜெட் நெருக்கடியின் பிள்ளை. பொருளியல் படித்தவனுக்கு இதில் ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு. தவிர, நம் வீட்டுப் பிள்ளைகள் தமிழில் பார்க்கும் ஷின்-சானுக்கும் அந்தப் பாணிக்கும் என்ன உறவு? ஆயினும் ஷின்-சான் அனிமே என்பதை யாரும் மறுப்பதில்லை.

வரைந்த கை எங்கே இருக்கிறது என்று பார்க்கலாமா? 1977இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட 'தி ஹாபிட்' படத்தை வரைந்தது டோக்கியோவின் டாப்கிராஃப்ட் நிறுவனம். ஹயாவோ மியாசாகியின் 'நௌசிகா' 1984இல் உருவானதும் அங்கேதான். முன்னதை அனிமே என்பார் அரிது. மறுபுறம், ஜப்பானின் புகழ்பெற்ற டோயி நிறுவனம் தன் தொடர்களுக்கான வேலையில் ஒரு பகுதியை மணிலாவிலுள்ள தன் கிளையில் செய்விக்கிறது. அதனால் அவற்றைப் பிலிப்பைன்ஸ் கார்ட்டூன் என்று யாரும் சொல்வதில்லை.

என் அளவுகோல் வேறு. வார இதழில் வாசகர் ஆதரவோடு வளரும் சித்திரக்கதை, பதிப்பகமும் தொலைக்காட்சியும் பொம்மை நிறுவனமும் பங்கு போடும் தயாரிப்புக் குழு, காட்சிப் பலகையைத் தன் கைவசம் வைத்திருக்கும் இயக்குநர் என ஜப்பானில் ஒரு தொழில்முறை வேரூன்றியிருக்கிறது. ஒரு படைப்பின் கலைசார்ந்த முடிவுகள் அந்த முறைக்குள் எடுக்கப்பட்டனவா என்பதே என் கேள்வி. 'அவதார்' அப்படி உருவானதல்ல. எனவே அது அனிமே அல்ல. இதில் அதற்கு இழுக்கு ஏதுமில்லை. நான் பார்த்தவரை சிறந்த தொடர். போலந்து நிறுவனத்தின் கணினி விளையாட்டிலிருந்து டோக்கியோவின் டிரிகர் நிறுவனம் 2022இல் இயக்கிய 'சைபர்பங்க்: எட்ஜ்ரன்னர்ஸ்' அனிமேதான். உரிமை ஐரோப்பாவில், பணம் நெட்ஃபிளிக்ஸிடமிருந்து என்பதால் என் அளவுகோல் இங்கே சற்றுத் தள்ளாடுகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால், பெயர் யாருக்கு என்பதும் பணம் யாருக்கு என்பதும் ஒரே கேள்வி அல்ல. 2023இல் ஜப்பானிய அனிமே சந்தையின் மதிப்பு சுமார் 3.3 லட்சம் கோடி யென். அதில் பாதிக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வந்தது. மறு ஆண்டே ஐ.நா. மனித உரிமை வல்லுநர் குழு ஒன்று, அத்துறையின் குறைந்த ஊதியத்தையும் மிகை வேலைநேரத்தையும் சுட்டிக்காட்டியது. 2024 ஏப்ரலில் இன்னொரு செய்தி வந்தது. வடகொரியாவின் இணையச் சேவையகம் ஒன்றில் அசைவூட்டக் கோப்புகளை ஆய்வாளர்கள் கண்டெடுத்தனர். 'இன்வின்சிபிள்' என்ற அமெரிக்கத் தொடருக்கும் ஒரு ஜப்பானிய அனிமேவுக்கும் உரியவை அவற்றில் இருந்தன. அந்த நிறுவனங்களுக்கு இது தெரிந்திருந்ததற்குச் சான்று இல்லை. துணை ஒப்பந்தத்துக்குள் துணை ஒப்பந்தமாக வேலை கைமாறும்போது, கடைசிக் கை யாருடையது என்பது முதலில் பணம் கொடுத்தவருக்கே தெரியாமல் போகிறது.

டிரம்பின் வரி நடைமுறைக்கு வந்தால் அமெரிக்கர் எழுதி, அமெரிக்கப் பணத்தில் சியோலில் வரையப்பட்ட தொடர் எந்தப் பக்கம் சேரும்? அயல்நாட்டுப் பொருள் என்று முடிவானால், வரியை அமெரிக்க நிறுவனமே கட்டினாலும் அதன் சுமை அங்கே தங்காது. பேரம் பேசும் வலிமை குறைந்தவர் மீதே வரிச்சுமை இறங்கும் என்பது முதலாண்டுப் பாடம். சந்தாதாரர் சேவையை விட்டு விலகிவிடலாம். நிறுவனம் வேறொரு நாட்டில் ஆள் தேடலாம். ஒரு படத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி மணிலாவிலும் சியோலிலும் வரைந்துகொண்டிருப்பவருக்கு அந்த வசதி இல்லை. அடுத்த ஒப்பந்தத்தில் குறைக்கப்படுவது அவருடைய விகிதம்தான்.