'வேற டாக்டரைப் பாக்கணும்' - அப்பா, அம்மாவிடம் சொல்ல முடியாமல் தவிக்கும் பிள்ளைகள்!

கருவேப்பிலங்குறிச்சி:-

விருத்தாசலம் அருகே உள்ள கருவேப்பிலங்குறிச்சி சுற்று வட்டாரத்தில், பீங்கான் கம்பெனிக்கும் வயல் வேலைக்கும் போகும் பெற்றோர் வீடு திரும்ப பொழுது சாய்ந்து விடும். இப்படி ஒரு வீட்டில் பிளஸ்-1 படிக்கும் பையன் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். ராத்திரி தூக்கம் இல்லை. புத்தகத்தை எடுத்தால் எதுவும் மனதில் நிற்பதில்லை. யாரிடமும் பேச்சும் இல்லை.

"காத்து கருப்பு பட்டிருக்கும்" என்று முதலில் மந்திரித்து கயிறு கட்டுகிறார்கள். அடுத்து சத்து டானிக். இரண்டிலும் குணம் இல்லை என்பது பையனுக்குத் தெரியும். ஆனால் "வேற டாக்டரைப் பாக்கணும்" என்கிற மூணே வார்த்தை வாய் வரை வந்து திரும்பிப் போகிறது. அப்பாவுக்கு ஒருநாள் கூலி போகுமே, 'பைத்தியம்'னு ஊர் பேசுமே, அக்கா கல்யாணம் நின்னு போனா என்ன செய்வது என்ற பயம்தான்.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை அல்ல. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயது பிள்ளைகளில் 100-க்கு 7 பேருக்கு மனநலப் பிரச்சினை இருப்பது தெரிய வந்தது.

பெரியவர்கள் தாங்களே ஆஸ்பத்திரிக்கு போய் விடலாம். 18 வயது ஆகாதவர்களுக்கு அப்படி முடியாது. 2017-ம் ஆண்டு மனநல பராமரிப்பு சட்டப்படி, அவர்களுக்காக முடிவு எடுப்பவர் பெற்றோர் அல்லது பாதுகாவலர்தான். ஆக, வீட்டில் வாய் திறக்காவிட்டால் சிகிச்சைக்கு வழியே இல்லை.

நோயை நோயாகப் பார்க்காததன் விலையை தமிழகம் ஏற்கனவே கொடுத்திருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந்தேதி அதிகாலை, தனியார் காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிப் போடப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட வழியின்றி 28 பேர் கருகி பலியானார்கள். மனநோயாளியை சங்கிலியால் கட்டுவதற்கு இப்போது சட்டத்திலேயே தடை இருக்கிறது.

அதே ஏர்வாடி தர்காவில் பின்னர் பிரார்த்தனையோடு மருந்தும் கொடுக்கும் திட்டம் வந்தது. எனவே சாமி கும்பிடுவதை விடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கயிறு கையிலேயே இருக்கட்டும், டாக்டரையும் பாருங்கள் என்பதுதான் விஷயம். மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு டாக்டரிடம் காட்ட காசு கிடையாது. பஸ் செலவும் ஒருநாள் கூலியும்தான் கணக்கு.

நேரில் சொல்ல தைரியம் வராத பிள்ளைகள் 14416 என்ற எண்ணுக்கு போன் போடலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்த 'டெலி மானஸ்' சேவை 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். வீட்டில் எப்படி பேச்சை எடுப்பது என்றும் அவர்களிடம் கேட்கலாம்.

மாத்திரை சாப்பிடும் பிள்ளை "எந்நேரமும் தூக்கமா வருது, ஒத்துக்கல" என்று சொன்னால், பெற்றோர் அதை சோம்பேறித்தனம் என்று திட்ட வேண்டாம். மாத்திரையை தாங்களாக நிறுத்தவும் வேண்டாம். அந்தச் சீட்டையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போய், அவன் சொன்னதை அப்படியே டாக்டரிடம் சொன்னால், அளவைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா, கவுன்சிலிங் போதுமா என்பதை அவர் பார்த்துக் கொள்வார்.