ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!



2018 மே மாதம். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வத்தைக் கும்பிட திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் போகிறது. வழி கேட்க வண்டியை நிறுத்துகிறார்கள். அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுக்கிறார்கள். அவ்வளவுதான்! "பிள்ளை பிடிக்கிறவங்க" என்று கூட்டம் திரண்டு அடித்தது. 65 வயதுத் தாய் ஒருவர் உயிரிழந்தார்.

அடித்தவர்கள் யாரும் தொழில்முறை ரவுடிகள் இல்லை. "கடத்தல் கும்பல் இறங்கியிருக்கு" என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தியை நம்பிப் பயந்துபோன சாதாரண மக்கள்.

இதே செல்போன்தான் 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைக்குக் கைகொடுத்தது. எங்கே படகு வேணும், எந்த வீட்டுல கைக்குழந்தை இருக்கு, யாருக்குச் சாப்பாடு போகலை என்று முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லி ஓடி ஓடி உதவினார்கள்.

அப்போ தப்பு எங்கே?

டீக்கடை பெஞ்சுல ஒருத்தர் புரளி கிளப்பினா, "யாருய்யா சொன்னா?"ன்னு கேட்போம். பொய்னு தெரிஞ்சா மறுநாள் அவர் அங்க தலைகாட்ட முடியாது. வாட்ஸ்அப்பில் அந்தக் கேள்வியே இல்லை. மாமா அனுப்பினார், மாமாவை நம்புறோம். மாமாவுக்கு யார் அனுப்பினாங்க? தெரியாது!

2018 ஜூலையில், ஒரே நேரத்தில் 5 சாட்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அப்படியும் 2023 மார்ச்சில் என்ன நடந்தது? சம்பந்தமே இல்லாத வீடியோக்களைக் காட்டி, "தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள்" என்று பரப்பினார்கள். நம்மோடு உழைத்த தொழிலாளர்கள் பயந்துபோனார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே நேரில் வந்து பார்க்க வேண்டியதாயிற்று.

அடுத்தவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை தோழர்களே. நம்ம குரூப்லயும் இது நடக்குது. எதிர்த்தரப்பைத் திட்டி ஒரு செய்தி வந்தா, உண்மையா பொய்யான்னு பார்க்காம தட்டிவிடுறோம். பொய்யை வைத்துத்தான் ஜெயிக்கணும்னா அந்த வெற்றியே நமக்கு வேண்டாம்!

மூன்று வேண்டுகோள்:

👉 எங்கே, எப்போ, யார் சொன்னது? இந்த மூன்றும் தெரியாத செய்தியை அனுப்பாதீர்கள்.

👉 தப்பா அனுப்பிட்டா, அதே குரூப்பில் "இது தவறு, மன்னிக்கவும்" என்று போடுங்கள். அதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

👉 ஊரில் புதுமுகம் தெரிந்தால் போட்டோ எடுத்துப் பரப்பாதீர்கள். பக்கத்தில் போய்ப் பேசுங்கள். நிஜமாகவே சந்தேகம் என்றால் போலீசுக்குச் சொல்லுங்கள்.

அந்தத் தாயிடம் ஒரே ஒருத்தர் நின்று, "எங்கம்மா போறீங்க?" என்று பொறுமையாகக் கேட்டிருந்தால், அவர் சாமி கும்பிட்டு வீடு திரும்பியிருப்பார்.

#கேட்டுட்டு_அனுப்புவோம்