17 வயதில் வ.உ.சி. கடிதங்கள், 40 வருஷம் கழித்து சாகித்ய அகாடமி விருது: யார் இந்த ஆ.இரா.வேங்கடாசலபதி?

ஆனைமலையில் பஸ் ஏறி பொள்ளாச்சி, அங்கிருந்து உக்கடம், அப்புறம் டவுன் பஸ்ஸில் காந்திபுரம். இந்த வழியில் போய்வரும் நம்ம ஊர்க்காரங்களுக்குக் கோவை மத்திய சிறை புதுசு இல்லை. அந்தச் சிறை வளாகத்தில் வ.உ.சிதம்பரம் பிள்ளையின் நினைவாக ஒரு செக்கு இருக்கிறது. நகரத்தில் அவர் பெயரிலேயே ஒரு பூங்காவும் இருக்கிறது.

கோவைக்காரங்களுக்கு வ.உ.சி. என்றால் செக்கு. தூத்துக்குடிக்காரங்களுக்குக் கப்பல். மீதிப் பேருக்கு 1961-ல் வந்த 'கப்பலோட்டிய தமிழன்' சிவாஜி.

சரி, இந்த மூன்றுக்கும் அப்பால் அந்த மனிதர் யார்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடி நாற்பது வருஷமாகப் பழைய காகிதங்களைப் புரட்டி வருபவர்தான் வரலாற்றாசிரியர் ஆ.இரா.வேங்கடாசலபதி. 2024-ம் ஆண்டுக்கான தமிழ் சாகித்ய அகாடமி விருது அவருடைய 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' என்ற ஆய்வு நூலுக்குத்தான் கிடைத்தது. கதை, கவிதை, நாவல் என்றே பழகிவிட்ட விருதுப் பட்டியலில் ஒரு வரலாற்று ஆய்வு இடம்பிடித்தது பலருக்கும் ஆச்சரியம்.

யார் இவர்?

1967-ல் பிறந்தவர். நண்பர்கள் கூப்பிடுவது 'சலபதி'. 1984-ல் வ.உ.சி.யின் கடிதங்களைத் தொகுத்துப் புத்தகமாக வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 17. நம்மில் பலர் பிளஸ் டூ மார்க்கைப் பற்றிக் கவலைப்படும் வயது அது.

பிறகு டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டம். நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பணி. அதன்பின் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பேராசிரியர். தமிழ்ப் பதிப்புலகத்தின் வரலாறு, தமிழர்களுக்குக் காபி வந்த கதை, பாரதி பாடல்களின் காப்புரிமைச் சண்டை என்று அவர் எழுதிய விஷயங்களின் பட்டியல் பெரிது. புதுமைப்பித்தன் படைப்புகளுக்கும் செம்பதிப்பு கொண்டுவந்தார். ஆனாலும் அவர் சுற்றிச் சுற்றித் திரும்பி வந்த ஆள் வ.உ.சி.தான்.

விருது பெற்ற புத்தகத்தில் என்ன இருக்கு?

1906-ல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியை வ.உ.சி. தொடங்கினார். மூலதன இலக்கு 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய். தூத்துக்குடி-கொழும்பு கடல்வழியில் வெள்ளைக்காரக் கம்பெனிக்குப் போட்டியாக 'காலியா', 'லாவோ' என்ற கப்பல்கள் ஓடின. 1908 தொடக்கத்தில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குத் துணை நின்றவர்களும் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும்தான்.

1908 மார்ச் 12-ம் தேதி வ.உ.சி. கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலி கொதித்தது. நகராட்சி அலுவலகம், தபால் நிலையம், போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் தாக்குதலுக்கு ஆளாயின. மண்ணெண்ணெய்க் கிடங்கு எரிந்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். அதோடு நிற்கவில்லை. தண்டனைக் காவல் படையை ஊரில் நிறுத்தி, அதற்கான செலவை மக்கள் தலையிலேயே வரியாகக் கட்டியது அரசு.

இதுவரை நமக்குக் கிடைத்த கதையில் வ.உ.சி. மட்டும்தான் ஹீரோ. சலபதி கேமராவைத் தெருப் பக்கம் திருப்புகிறார். தலைவர் சிறைக்குள் இருக்கும்போது தெருவில் இறங்கியது யார்? வழக்கில் மாட்டியது யார்? நீதிமன்ற ஆவணம், போலீஸ் அறிக்கை, பழைய பத்திரிகை எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு அந்தச் சாதாரண மக்களையும் கதைக்குள் கொண்டுவருகிறார். ஒரு தலைவரின் வரலாறு அவரை நம்பி வந்தவர்களின் வரலாறாகவும் மாறும் இடம் அது.

347 ரூபாய் 12 அணா: என்ன விவகாரம்?

சலபதியின் வேலை எப்படிப்பட்டது என்று புரிய இந்த ஒரு விவகாரம் போதும்.

'வ.உ.சி.க்கு வந்த பணத்தை காந்தி கொடுக்காமல் ஏமாற்றிவிட்டார்' என்று ஒரு குற்றச்சாட்டு ரொம்ப நாளாகச் சுற்றுகிறது. இன்னொரு பக்கம், 'காந்தியாவது, பணத்தைத் தராமல் இருப்பதாவது' என்று மறுப்பவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் சத்தமாகப் பேசின. ஆதாரம் எங்கே?

சலபதி இரண்டு பேருக்கும் இடையே 1915-16-ல் நடந்த கடிதப் போக்குவரத்தை எடுத்துவைத்தார். அதையே 'வ.உ.சி.யும் காந்தியும்: 347 ரூபாய் 12 அணா' என்ற புத்தகமாக்கினார்.

நடந்தது இதுதான். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் வ.உ.சி.க்கு உதவ ஒரு தொகை திரட்டி காந்தியிடம் கொடுத்திருந்தார்கள். 1915-ல் காந்தி சென்னை வந்தபோது வ.உ.சி. அதே நகரத்தில் வறுமையில் இருந்தார். தண்டனை பெற்றதால் வக்கீல் சன்னதும் போயிருந்தது. அதிகாலை ஆறு மணிக்குச் சந்திக்கலாமா என்று காந்தி கேட்கிறார். டிராம் வண்டியை நம்பி வர வேண்டியிருப்பதால் அவ்வளவு சீக்கிரம் வர முடியாது என்பது வ.உ.சி.யின் பதில். ஒரு காலத்தில் கப்பல் கம்பெனி நடத்தியவர் அவர்.

பணம் எவ்வளவு என்ற கணக்கு காந்திக்கு நினைவில் இல்லை. விசாரித்து அனுப்புவதாகச் சொன்னார். கடிதங்கள் போயின, வந்தன, மாதங்கள் ஓடின. கடைசியில் 1916 தொடக்கத்தில் 347 ரூபாய் 12 அணா வ.உ.சி. கைக்கு வந்தது.

ஆக, காந்தி ஏமாற்றவில்லை. ஆனால் தாமதம் நடந்தது, அந்தத் தாமதம் ஒரு ஏழைக் குடும்பத்துக்கு வலித்தது. இரண்டும் உண்மை. ஃபார்வர்டு மெசேஜில் இந்த இரண்டுக்கும் சேர்த்து இடம் இருக்காது. யாருக்கும் சாதகமாக இல்லாத இந்தப் பதிலைச் சொல்லத்தான் ஒரு வரலாற்றாசிரியர் தேவைப்படுகிறார்.

செக்குக்குப் பக்கத்திலேயே ஒரு புத்தகம்

நம்ம கோவைக் கதையும் இப்படித்தான். 1908 ஜூலையில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. 1908 ஜூலை முதல் 1910 டிசம்பர் வரை கோவைச் சிறை. பிறகு கண்ணூர் சிறை. விடுதலை 1912 டிசம்பரில்.

கோவைச் சிறையில் செக்கு இழுத்த காலத்தில்தான் அவர் ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில எழுத்தாளரின் நூலை 'மனம் போல வாழ்வு' என்று மொழிபெயர்த்தார். அது 1909-ல் வெளிவந்தது. விடுதலைக்குப் பிறகும் சில காலம் கோவையில் குடியிருந்தார். திருக்குறள், தொல்காப்பிய உரைப் பதிப்புகளில் உழைத்தார். செக்கை மட்டும் பார்த்து அனுதாபப்பட்டால் இந்தத் தமிழறிஞர் கண்ணில் படமாட்டார்.

ஒரு வாழ்க்கை வரலாற்றுக்கு ஏன் இத்தனை வருஷம்?

வ.உ.சி.யின் வாழ்க்கையை முதலில் பெரிய அளவில் மக்களிடம் கொண்டுபோனவர் ம.பொ.சி. அவர் எழுதிய நூல்தான் சினிமாவுக்கும் அடிப்படை. அது நாட்டுப்பற்றை ஊட்டுவதற்காக எழுதப்பட்ட நூல். அந்தக் காலத்துக்கு அது தேவையாகவும் இருந்தது.

அடுத்த கட்டம் ஆதாரம் தேடுவது. அதற்குத்தான் காலம் பிடிக்கும். சென்னையில் பிறந்த சர்வபள்ளி கோபால் எழுதிய நேரு வரலாறு 1975-ல் தொடங்கி 1984 வரை மூன்று பாகங்களாக வந்தது. அமெரிக்காவில் ராபர்ட் காரோ எழுதும் லிண்டன் ஜான்சன் வரலாற்றின் முதல் பாகம் 1982-ல் வந்தது, நான்காவது 2012-ல்.

நேருவுக்கும் ஜான்சனுக்கும் அரசாங்கமே ஆவணங்களைப் பாதுகாத்தது. கடனில் வாழ்ந்து 1936-ல் மறைந்த வ.உ.சி.க்கு யார் பாதுகாப்பது? குடும்பத்தாரும் நண்பர்களும் எடுத்துவைத்த கடிதங்களும், அவரை வேவு பார்த்த வெள்ளை அரசாங்கத்தின் கோப்புகளும்தான் மிச்சம். அவரை ஒடுக்கியவர்கள் எழுதிவைத்த குறிப்பிலிருந்தே அவர் வாழ்க்கையை மீட்க வேண்டிய நிலை. அந்தக் குறிப்புகளை அப்படியே நம்பவும் முடியாது, ஒதுக்கவும் முடியாது. கப்பல் கம்பெனியின் கதையை ஆங்கிலத்தில் 'சுவதேசி ஸ்டீம்' என்ற தனி நூலாகவும் சலபதி எழுதியிருக்கிறார்.

அடுத்தது ஈரோட்டுக்காரர்

பெரியாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதும் பணியில் இருப்பதாக சலபதி சொல்லியிருக்கிறார். பெரியார் பெயரில் தினமும் ஏதாவது ஒரு மேற்கோள் அட்டை சண்டையைக் கிளப்பும் காலம் இது. ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் அந்தப் புத்தகத்தை பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பார்கள் என்பதில் சந்தேகமில்லை.

கொங்கு மண்ணுக்கு இதில் தனி அக்கறை இருக்க வேண்டும். பெரியார் ஈரோடு. பசுமைப் புரட்சிக்கு வித்திட்ட சி.சுப்பிரமணியம் பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைபாளையம். இப்படிப்பட்டவர்களோடு பழகிய, கடிதம் எழுதிய, கூட்டம் போட்ட குடும்பங்கள் நம்ம ஊர்களில் இன்னும் இருக்கின்றன.

வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பரணிலிருந்து இறங்கும் பழைய கடிதக் கட்டு, கட்சி நோட்டீஸ், கூட்டுறவுச் சங்கக் கணக்கு நோட்டு எல்லாம் கடைசியில் எடைக்குத்தான் போகிறது. அப்படிப் போகாமல் யாரோ எடுத்துவைத்த கடிதங்கள்தான் நூறு வருஷம் கழித்து 347 ரூபாய் 12 அணாவுக்குக் கணக்கு சொன்னது. அடுத்த தடவை பரண் சுத்தம் செய்யும்போது, எடைக்குப் போடும் முன் ஒரு தடவை பிரித்துப் பார்த்துவிடுங்கள்.