ஒருவருக்குக் கட்டி, வீட்டார் அனைவருக்கும் சிகிச்சை

பார்க் எக்ஸ்டென்ஷன் தொடர்மாடிகளில், ஈரறை வீட்டில் ஐந்தாறு பேராக வாழும் எம்மவர் குடும்பங்கள் உள. அத்தகைய வீட்டில் ஒரு பிள்ளையின் தொடையில் சீழ்க்கட்டி எழும், ஆறும், பின்னர் தாயின் கையிலும் தம்பியின் முதுகிலும் தோன்றும். உடற்சூடு என்பர் சிலர். அசுத்தக் குடும்பமென அயலவர் கூறுவரோ என அஞ்சி மறைப்பர் வேறு சிலர்.

இது அசுத்தத்தின் அடையாளம் அன்று. பத்துப் பேரில் ஏறத்தாழ மூவரின் மூக்கினுள் ஸ்டஃபிலோகொக்கஸ் கிருமி தீங்கின்றியே குடியிருக்கிறது. மருந்துக்கு அடங்காத அதன் வகையே எம்.ஆர்.எஸ்.ஏ. மெதிசிலின் என்னும் மருந்து 1959இல் வந்தது. அதனை எதிர்க்கும் கிருமி 1961இல் இங்கிலாந்தில் அறியப்பட்டது. பெரிதும் மருத்துவமனைகளில் காணப்பட்ட அக்கிருமி 1990களில் வீடுகளிலும் பரவலாயிற்று. நெருக்கமான வாழ்வும், பொதுவாகப் பாவிக்கும் துவாயும் சவர அலகுமே அதற்குப் போதும்.

கட்டி கண்டவருக்கு மட்டும் மருந்து கொடுப்பது போதாது என்பதே எமது வாதம். அமெரிக்காவின் சென். லூயிஸ் நகரில் நடந்து 2012இல் வெளியான ஆய்வு இதற்குச் சான்று. ஐந்து நாட்கள் மூக்கில் முப்பிரோசின் களிம்பும், குளோர்ஹெக்சிடின் குளிப்பும் நோயாளிக்கு மட்டும் அளித்த வீடுகளில், ஓராண்டுக்குள் 72 வீதமான நோயாளிகளுக்குத் தொற்று மீண்டும் வந்தது. வீட்டார் அனைவருக்கும் அளித்தபோது அது 52 வீதமாகக் குறைந்தது. முற்றாக ஒழியவில்லை, ஆயினும் இவ்வேறுபாடு சிறிதன்று.

எனவே கட்டியைப் பிதுக்காதீர்கள். மருத்துவர் கீறிச் சீழகற்றட்டும். சீழைப் பரிசோதிக்கும்படியும், முழுக் குடும்பத்துக்கும் சிகிச்சை வேண்டுமா என்றும் கேளுங்கள். காயத்தை மூடிவைத்து, துவாய்களைத் தனித்தனியே பாவியுங்கள். அயல்வீட்டார் தந்த எஞ்சிய குளிசைகளை விழுங்குவது கிருமிக்கே பலம் சேர்க்கும். காய்ச்சலோ, பரவும் சிவப்போ கண்டால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

அகதிக் கோரிக்கையாளரின் மருத்துவச் செலவுக்கு இடைக்கால மத்திய சுகாதாரத் திட்டம் உண்டு. அதனைப் பயன்படுத்துவது கோரிக்கையைப் பாதிக்காது. 811க்கு அழைத்தால் தாதியின் ஆலோசனையும் கிடைக்கும். வெட்கத்தால் நாம் மறைக்கும் ஒவ்வொரு கட்டியும் எமது பிள்ளைகளுக்கே தீங்காக முடியும்.