சூரியப் பண்ணை வரட்டும். தொழிலாளியின் கதி என்ன?

சிங்கப்பூருக்கு மின்சாரம் வேண்டும். சிராங்கூன் சாலையில் தீபாவளிக்கு எரியும் தோரண விளக்கு முதல் தேக்கா சந்தையின் குளிர்பெட்டி வரை எல்லாவற்றுக்கும் வேண்டும். இன்று இங்கு உண்டாகும் மின்சாரத்தில் 100க்கு 90 பங்குக்கு மேல் இயற்கை எரிவாயுவிலிருந்தே வருகிறது. இந்த நிலை மாற வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. உலகம் சூடேறும் கொடுமை, வெளியில் நின்று பிழைக்கும் தொழிலாளியின் முதுகில்தான் முதலில் விழுகிறது.

தீவில் நிலம் அருமை. ஆகவே 2021 ஜூலையில் தெங்கே நீர்த்தேக்கத்தின் மேலேயே சூரியப் பண்ணை ஒன்றை மிதக்கவிட்டார்கள். 45 ஹெக்டர் பரப்பு; 122,000 தகடுகள்; 60 மெகாவாட் திறன். வீவக வீடுகளின் கூரைகளிலும் தகடுகள் ஏறியிருக்கின்றன. இதனால் எவர் குடியும் பெயரவில்லை. இதை வரவேற்கிறோம்.

ஆனால் இது போதாது. 2035க்குள் சுமார் 6,000 மெகாவாட் தூய மின்சாரத்தை அயல்நாடுகளிலிருந்து தருவிக்க அரசாங்கம் திட்டமிட்டிருக்கிறது. அதில் ஒரு பகுதி வெயிலிலிருந்து வரும். வெயிலைப் பிடிக்க நிலம் வேண்டும். மலேசியாவில் தோட்ட நிறுவனங்களே தங்கள் நிலத்தைச் சூரியப் பண்ணைக்கு விட முன்வந்துள்ளன. ஆகவே ஜொகூர் பாலத்துக்கு அப்பால் உள்ள பால்வெட்டுத் தொழிலாளியும் கிராணியும் இதை யாரோ எவரோ பேசும் சங்கதி என்று விட்டுவிட முடியாது.

நிலம் கைமாறினால் என்ன நேரும் என்பது நமக்குப் பழைய பாடம். 1950களில் மலாயாவில் நடந்த தோட்டத் துண்டாடலை மறந்தவர் யார்? வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டத்தை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுபடியும் விற்றார்கள். விற்றவனுக்கும் லாபம்; வாங்கியவனுக்கும் லாபம். அங்கேயே பிறந்து உழைத்தவனுக்கு வேலை போயிற்று. வேலையோடு லயத்து வீடும் போயிற்று. பத்திரத்தில் ஏக்கர்க் கணக்கு இருந்தது. ஆள் கணக்கு இல்லை.

சூரியப் பண்ணையிலும் இதே ஆபத்து உண்டு. கர்நாடகத்தின் பாவகடாவைப் பாருங்கள். 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் பண்ணை. நிலத்தை விலைக்கு வாங்காமல், ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் என்று குத்தகை பேசினார்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை 5 விழுக்காடு உயர்வும் உண்டு. நிலக்காரருக்கு இது நியாயமான ஏற்பாடே. ஆனால் அந்த நிலத்தில் களை பறித்தவருக்கும் கடலை பிடுங்கியவருக்கும் ஆடு மேய்த்தவருக்கும் குத்தகையில் ஒரு காசும் இல்லை. பட்டா இல்லாதவர் கணக்கிலேயே வரவில்லை.

தமிழ்நாட்டில் கமுதியில் 2016ஆம் ஆண்டு 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் பண்ணை எழுந்தது. கட்டும்போது சுமார் 8,500 பேருக்கு வேலை. கட்டி முடிந்தபின் தகடு துடைப்பதற்கு இயந்திரங்கள் வந்துவிட்டன. பால்மரம் நாள்தோறும் ஆள் கேட்கும், தகடு கேட்காது. "வேலை கிடைக்கும்" என்று சொல்ல வருகிறவரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எத்தனை மாதத்துக்கு?

இப்படிக் கேட்டால் வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்கிறோம் என்பார்கள். இல்லை. வளர்ச்சியின் கணக்கில் நம்மையும் சேர்க்கச் சொல்கிறோம்.

நிலம் பேசி முடிவதற்கு முன், செக்ரோலில் உள்ள ஒவ்வொரு பெயரும் ஒப்பந்தத்தோடு சேர வேண்டும். அக்கம்பக்கத்துக் குடிகளுக்கு அவரவர் மொழியில் திட்டத்தை விளக்க வேண்டும். மாற்று வீடு கைக்கு வராமல் ஒரு குடும்பமும் லயத்தை விட்டு இறங்கக் கூடாது. தொழிலாளர் பிள்ளைகளுக்கு மின்தொழில் கற்பித்து, நிரந்தர வேலைகளில் முதலிடம் தர வேண்டும். நிலக்காரருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை எழுத முடியுமானால், அதே காகிதத்தில் தொழிலாளர் பொதுநிதிக்கும் ஒரு பங்கு எழுத முடியும்.

இது நடவாத காரியமா? துண்டாடல் தலைவிரித்தாடிய காலத்தில், 1960இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகள் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டினார்கள். அந்தப் பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். பால் வாளி சுமந்த கை அன்று தோட்டத்துக்கு உரிமை கொண்டாடியது. இன்று ஒரு சூரியப் பண்ணையில் பங்கு கேட்பது பேராசை ஆகாது.

சிங்கப்பூரில் உள்ளவர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. மின்சாரத்தை வாங்குகிறவர்கள் நாம். வாங்குகிறவன் கேட்டால் விற்கிறவன் செவிசாய்ப்பான். இறக்குமதிக்கு உரிமம் வழங்கும் எரிசக்திச் சந்தை ஆணையம், அந்த நிலத்தில் உழைத்தவர்களுக்கு என்ன ஏற்பாடு என்பதையும் ஒரு நிபந்தனையாக வைக்க வேண்டும்.

தோழர்களே! கையெழுத்து விழுந்தபின் கொடி பிடிப்பதில் பயனில்லை. உங்கள் தோட்டத்தில் நில அளவைக்காரர் வந்து போனாரா? இன்றே கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். வெயில் எல்லோருக்கும் பொது. அதன் வருமானம் மட்டும் ஒருசிலருக்கு என்றால், அதை நாம் ஒப்ப முடியாது.