காது குத்தினோமே!

திருப்போரூர் கந்தசுவாமி கோயிலில்தான் என் மகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் வலி தாங்காமல் வீறிட்டாள். பக்கத்தில் தவில் அதிர்ந்தபோது திரும்பவே இல்லை. பெற்ற எனக்கும் அது உறைக்கவில்லையே! "இடி விழுந்தாலும் எழுந்திருக்காது, அமரிக்கையான புள்ள" என்று எல்லோரும் மெச்சினார்கள். நானும் பூரித்துப்போனேன். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

இரண்டு வயதாகியும் அம்மா என்று கூப்பிடவில்லை. "குமரகுருபரரே அஞ்சு வயசுலதான் வாய் திறந்தாராம், முருகன் பேச வைப்பான்" என்றார் மாமியார். காத்திருந்தேன். இரண்டரை வயதில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். தூங்க வைத்து, தலையில் ஒயர் ஒட்டி பெரா என்னும் காது டெஸ்ட் எடுத்தார்கள். இரண்டு காதும் பிறவியிலேயே கேட்கவில்லை.

"பொறந்தப்போ காது டெஸ்ட் எடுக்கலையாம்மா?" என்று அங்கே கேட்டார்கள்.

அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். தூங்கும் குழந்தையின் காதில் சின்ன முனையை வைத்து மெல்லிய ஒலி விடுவார்களாம். நல்ல காதென்றால் உட்செவி எதிரொலியைத் திருப்பி அனுப்புமாம். ஊசியில்லை, ரத்தமில்லை, சில நிமிடம்தான்! 1 மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதி, 6 மாதத்துக்குள் சிகிச்சை என்று டாக்டர்களே கணக்கு வைத்திருக்கிறார்கள். 2013இல் மத்திய அரசு கொண்டுவந்த சிறார் நலத் திட்டத்தின் பட்டியலிலும் பிறவிக் காதுகேளாமை இருக்கிறது. இருந்து என்ன? பணம் கட்டிப் பிரசவம் பார்த்த தனியார் ஆஸ்பத்திரியில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லையே! அறைக்கு வாங்கினீர்கள், மருந்துக்கு வாங்கினீர்கள். என் பிள்ளையின் காதுக்கு ஐந்து நிமிடம் கிடைக்கவில்லையா உங்களுக்கு? பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் சொட்டு ரத்தத்தில் தைராய்டு குறையும் தெரிந்துவிடுமாம். அதையும் எடுக்கவில்லை. அந்தக் குறை இல்லாமல் போனது போரூரான் போட்ட பிச்சை.

முதலமைச்சர் காப்பீட்டில் 6 வயதுக்குள் காது கேட்கக் காக்ளியர் கருவி வைக்கலாம் என்கிறார்கள். வைக்கத்தான் போகிறோம். ஆனால், மூளை பேச்சைப் பிடித்துக்கொள்ளும் பருவத்தில் இரண்டரை வருடம் மண்ணாய்ப் போனதே, அதை எந்தக் காப்பீடு திருப்பித் தரும்?

டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பார்த்தேன். எடை இருக்கிறது. பிசிஜி, போலியோ, மஞ்சள்காமாலை ஊசி எல்லாம் இருக்கிறது. கடைசியில் இருந்த வெற்றிடத்தில் நானே பேனாவால் எழுதினேன்: "காது: பார்க்கவில்லை."