ஸ்டார்ட் பண்ணிவிட்டு ஒரு தேத்தண்ணீர்

புத்தளம் கரையோரத்தில் தை மாத விடியற்காலையில்கூட வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. வருடச் சராசரி 27, 28 பாகை. இரவு முழுக்க முற்றத்தில் நின்ற காரின் எஞ்சினும் ஏறத்தாழ அதே சூட்டில்தான் இருக்கும். ஆனாலும் தில்லையடியிலிருந்து மாரவில வரைக்கும் பல முற்றங்களில் காலை வழக்கம் ஒன்றுதான். வாகனத்தை ஸ்டார்ட் பண்ணிவிட்டு உள்ளே போய் ஒரு தேத்தண்ணீர் குடிப்பது. பத்து நிமிடம் எஞ்சின் தன்பாட்டில் உறுமிக்கொண்டு நிற்பது. கேட்டால், சூடேறவேண்டும் என்பார்கள்.

எஞ்சினுக்குச் சூடு வேண்டும் என்பது உண்மை. ரேடியேற்றர் நீர் 90 பாகையை அண்டும்போது சரியாகப் பொருந்தும்படிதான் அதன் பாகங்கள் கடையப்பட்டிருக்கின்றன. அலுமினியப் பிஸ்டன் இரும்புச் சிலிண்டரைவிடக் கூடுதலாக விரிவது. குளிர்ந்திருக்கும்போது சுற்றிலும் இடைவெளி விட்டுத் தளர்வாக நிற்கும். பெற்றோலும் அப்போது முழுதாக ஆவியாகாது, ஒயிலும் தடிப்பாக இருக்கும். அந்தக் கணக்கில் 27 பாகையில் நிற்கும் புத்தளத்து எஞ்சினும் குளிர்ந்த எஞ்சின்தான். சூட்டை நிற்கவைத்து ஏற்றுவதா, ஓட்டி ஏற்றுவதா என்பதில்தான் வழக்கு.

நிற்கவைத்து ஏற்றும் பழக்கம் காபரேற்றர் காலத்துச் சொத்து. மொரிஸ் மைனர் 1948 முதல் 1970களின் தொடக்கம் வரை தயாரான வண்டி. இலங்கை வீதிகளில் இன்றைக்கும் ஓடுகிறது. அதன் டாஷ்போர்டில் சோக் என்றொரு குமிழ் இருக்கும். அதை இழுத்தால் காபரேற்றருக்குள் போகும் காற்று அடைபட்டு, பெற்றோல் கூடிய கலவை எஞ்சினுக்குப் போகும். எஞ்சின் பிடித்துக்கொண்டதும் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளவேண்டும். அவசரப்பட்டுத் தள்ளினால் முதல் சந்தியிலேயே வண்டி இருமி நின்றுவிடும். ஆகவே இரண்டு, மூன்று நிமிடம் பொறுத்துப் போகச்சொன்ன கராஜ் பாஸ்மார் அன்றைக்குச் சொன்னது சரி. சோக் போய்விட்டது, சொல் மட்டும் தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்து தங்கிவிட்டது. வரும் வழியில் மூன்று நிமிடம் பத்தானது.

இப்போதைய ஈ.எஃப்.ஐ. கார்களில் அந்த வேலையைச் சென்சர் பார்க்கிறது. நீரின் சூட்டை அளந்து எவ்வளவு பெற்றோல் பீச்சுவது என்று கணினி முடிவுசெய்கிறது. காலையில் ஸ்டார்ட் ஆனதும் எஞ்சின் சற்று உரத்து, நிமிடத்துக்கு 1,200 சுற்றையொட்டி ஓடிவிட்டுப் பிறகு தணிவதைக் கவனித்தால் தெரியும். அதுதான் கண்ணுக்குத் தெரியாத சோக். சீற் பெல்ட் போட்டு, கண்ணாடியைச் சரிசெய்து, கேற்றைத் திறக்கும் நேரத்துக்குள் அது பெரும்பாலும் தணிந்துவிடும். அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் ஆலோசனையும் சுமார் 30 வினாடியில் மெதுவாகப் புறப்படலாம் என்பதுதான். அது பனி கொட்டும் மாநிலங்களையும் சேர்த்துச் சொன்ன கணக்கு. ஜேர்மனியில் நிற்கும் வாகனத்தின் எஞ்சினைத் தேவையில்லாமல் ஓடவிடுவது வீதிச் சட்டப்படியே குற்றம்.

ஒயில் மேலே ஏறவேண்டாமா என்று கேட்பவர்கள் ஒயில் கேனின் முகப்பைப் பார்க்கலாம். 10டபிள்யூ-30, 20டபிள்யூ-50 என்று இருக்கும். டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. 20டபிள்யூ ஒயிலைக்கூட மறை 15 பாகைக் குளிரில் எஞ்சினைச் சுற்றவிடுமா என்று பரிசோதித்துத்தான் அப்படிப் பெயரிடுகிறார்கள். நுவரெலியாவில் புல்மேல் உறைபனி பூக்கும் காலையும் அந்தக் குளிரின் கிட்ட வராது. புத்தளத்தில் ஒயில் விளக்கு அணையும் அந்த ஓரிரு வினாடிக்குள் ஒயில் போகவேண்டிய இடத்துக்குப் போய்விடுகிறது.

நிற்கவைப்பதால் நேரம்தானே போகிறது, கெடுதல் என்ன என்று விடவும் முடியாது. சுமை இல்லாமல் ஓடும் எஞ்சினில் எரிவது சொற்பம், அதனால் சூடு ஏறுவதும் மந்தம். தேய்மானம் மிகுந்த குளிர்ந்த நிலையை அது நீட்டிக்கொண்டே போகிறது. ஆவியாகாத பெற்றோல் சிலிண்டர் சுவரில் வழிந்து, அங்கே பூசியிருக்கும் ஒயிலைக் கழுவி, கீழே ஒயிலோடு கலக்கிறது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் உண்டாகும். சூடான சைலன்சரில் அது ஆவியாய் வெளியேறும், குளிர்ந்த சைலன்சரில் உள்ளேயே தேங்கும். காலையில் புகைக்குழாய் நுனியில் சொட்டுவது அந்த நீர்தான். வெளியிலிருந்து உப்புக்காற்று அரிக்கும் இந்தக் கரையில் உள்ளிருந்தும் அரிக்க அது துணைபோகிறது.

ஓட்டிச் சூடேற்றுவதற்கும் ஒரு முறை உண்டு. முதல் சில கிலோமீற்றர் அக்சிலேற்றரைப் பாதிக்குமேல் மிதிக்காமல், ரேஸ் பண்ணாமல் போகவேண்டும். புத்தளம் நகரிலிருந்து புறப்பட்ட கார் பாலாவிச் சந்தியை எட்டும்போது சூட்டுமானி முள் நடுவுக்கு வந்திருக்கும். சில கார்களில் முள்ளுக்குப் பதிலாக நீல விளக்கு, அது அணைந்திருக்கும். ஒயில் முழுச்சூடு காண இன்னும் தூரம் வேண்டும். நுரைச்சோலைப் பக்கம் நேர்வீதி கிடைத்ததும் பறக்க நினைப்பவர்கள் அதுவரை பொறுப்பது நல்லது. கியர் பெட்டி, சக்கர பெயரிங், டயர் எல்லாமே ஓடினால்தான் சூடேறும். முற்றத்தில் நிற்கும் வண்டியில் எஞ்சினைத் தவிர எதுவும் சூடேறுவதில்லை.

உண்மையில் குளிரால் கெடுவது, பிள்ளையைப் பாடசாலையில் விட்டு, கடைக்குப் போய், ஒன்றரைக் கிலோமீற்றரில் வீடு திரும்பும் வண்டி. அது ஒருநாளும் சூடேறுவதே இல்லை. ஒயில் மூடியைத் திறந்தால் உட்புறத்தில் பால் கலந்த தேத்தண்ணீர் நிறத்தில் பசை ஒட்டியிருக்கும். நீரும் ஒயிலும் சேர்ந்த பசை. அதற்கு மருந்து வாரத்துக்கு ஒருமுறை சிலாபம் வரையோ கற்பிட்டி வரையோ ஒரு நீண்ட ஓட்டம். ஹைபிரிட் கார்களில் இந்த விவாதமே எழாது. எஞ்சின் எப்போது ஓடவேண்டும் என்பதை வண்டியே தீர்மானிக்கும்.

டீசல் வான்களில் ஹீட்டர் பிளக் விளக்கு அணையும்வரை பொறுத்து ஸ்டார்ட் பண்ணினால் போதும். நின்ற இடத்தில் சூடேறுவதில் டீசல் எஞ்சின் பெற்றோலைவிடவும் சோம்பேறி. ஆனால் விடியுமுன் புத்தளம் பஸ் நிலையத்தில் கொழும்பு பஸ் உறுமிக்கொண்டு நிற்பதற்கு வேறு நியாயம் உண்டு. அதன் பிரேக் காற்றில் வேலை செய்வது. இரவில் கசிந்துபோன காற்றை எஞ்சின் ஓடித்தான் தாங்கியில் நிரப்பவேண்டும். சாரதி பார்த்துக்கொண்டிருப்பது காற்றழுத்த முள்ளை. அது ஏறுமுன் பஸ்ஸை எடுத்தால் பிரேக் இல்லை. அதைப் பார்த்து வீட்டுக் காருக்குப் பாடம் படிப்பது வீண்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது. இருக்கும் வண்டியைக் கண்ணாய்ப் பார்க்கும் பழக்கம் அந்த ஐந்து ஆண்டில் இன்னும் இறுகியதில் வியப்பில்லை. ஆனால் அதே காலத்தில்தான், 2022 ஜூன் கடைசியில், ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாயைத் தொட்டது. அடுத்து வந்த எரிபொருள் பங்கீட்டுக் கியூஆர் அட்டையில் காருக்கு வாரம் 20 லீற்றர்தான் கிடைத்தது. சிறிய கார் சும்மா நிற்க மணிக்குச் சுமார் 0.6 முதல் 0.8 லீற்றர் குடிக்கும். தினம் பத்து நிமிடம் என்றால் மாதம் மூன்று, நான்கு லீற்றர். அதாவது மாதத்துக்கு, அன்றைய ஒரு வாரப் பங்கில் ஏறத்தாழ ஐந்திலொன்று முற்றத்திலேயே முடிந்தது.

சூடேற்றாமல் நகரவே முடியாத எஞ்சின் இந்தக் கரையில் ஒன்று உண்டு. அது வீதியில் ஓடுவதல்ல. கண்டக்குழி, ஆலங்குடா, உடப்பு என்று மீன்பிடி வாடிகள் உள்ள இடமெல்லாம் பைபர் போட்டுகளின் பின்னால் தொங்கும் மண்ணெண்ணெய் எஞ்சின். யமஹா, சுசுகி நிறுவனங்கள் இதற்கென்றே அழுத்தத்தைக் குறைத்துச் செய்தவை. பெற்றோல் உறைகுளிரிலும் தீப்பற்றும் அளவுக்காவது ஆவியாகும். மண்ணெண்ணெய்க்குத் தீப்பற்றும் அளவு ஆவி எழும்பவே 38 பாகைக்கு மேல் சூடு வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் அதை ஊற்றிக் கயிறு இழுத்தால் தோள்தான் நோகும்.

ஆகவே சிறிய கேன் ஒன்றில் பெற்றோல் தனியாகப் போகும். போட்டைத் தண்ணீரில் இறக்கி, பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் பக்கத்திலிருந்து கடல்நீர் நூல்போலப் பீச்சுகிறதா என்று பார்ப்பார்கள். மணலில் வைத்துச் சூடேற்ற வழியில்லை. நீர் இறைக்கும் ரப்பர் சில்லு நீர் இல்லாமல் கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும். சில நிமிடம் பெற்றோலில் ஓடிச் சூடு கண்டபிறகே குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. முந்தி மாற்றினால் வெள்ளைப் புகை, பிளக்கில் கரி, நடுக்கடலில் நிற்கும் போட். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்குத் தாவியபோது எரிபொருள் செலவுக் கணக்குத் தலைகீழானது. ஆனாலும் தொடக்கத்துக்கான அந்தப் பெற்றோல் கேனைக் கைவிட முடியவில்லை.

கரை திரும்பும்போது இதே வேலையை மறுபுறமாகச் செய்யவேண்டும். கரை தட்டச் சில நிமிடம் முன்பே குழாயைப் பெற்றோலுக்குத் திருப்பி, காபரேற்றரில் மிஞ்சிய மண்ணெண்ணெயை ஓடித் தீர்த்துவிட்டு எஞ்சினை நிறுத்துவார்கள். பிறகு நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி வாடிக்குள் தூக்கி வைப்பார்கள், அடுத்த நாள் முதல் இழுப்புக்கு வேண்டிய பெற்றோல் உள்ளேயே இருக்க.